குணமாகாது என்ற பிறகும் கரண்ட் எதற்கு?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கடலுக்குப் போய்வந்த அப்பாவுக்கு 66 வயது, வெற்றிலை புகையிலைப் பழக்கம் உண்டு. கன்னத்தில் வந்த புற்றுநோய் கழுத்துக்கு இறங்கி, வெளியே புண்ணாக உடைந்துவிட்டது. வலி, ரத்தக் கசிவு, நாற்றம் எல்லாம் இருக்கிறது. மதுரையில் பார்த்த டாக்டர், "குணப்படுத்த முடியாது, ஆனால் கரண்ட் வைக்கலாம்" என்கிறார். குணமாகாது என்றால் அவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?

பதில்: தம்பி, இதைக் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளைகள்தான் அதிகம். நீங்கள் கேட்டது நல்லது.

கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையைத்தான். நோயை ஒழிக்க என்று கொடுக்கும் கதிர்வீச்சு வேறு, உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது வேறு. முதல் வகை ஆறேழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று முப்பது தடவைக்கு மேல் போகும். அப்பாவுக்கு அது வேண்டாம். கட்டியைக் கொஞ்சம் சுருக்கி, ரத்தத்தை நிறுத்தி, வலியைக் குறைத்தால் போதும் என்கிற நிலையில் குறுகிய முறைகளே இருக்கின்றன. ஐந்து நாளில் முடிவது ஒன்று, பத்து நாளில் முடிவது ஒன்று. இன்னொரு முறையில் அடுத்தடுத்த இரண்டே நாள், காலையில் ஒன்று, ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு மாலையில் ஒன்று, மொத்தம் நான்கு தடவை. பலன் தெரிந்தால் சுமார் நான்கு வாரம் கழித்துத் திரும்பக் கொடுப்பார்கள், அதிகபட்சம் மூன்று சுற்று. மதுரையில் ஓர் இரவு தங்கினால் ஒரு சுற்று முடிந்துவிடும். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தினமும் போய்வர முடியாதவருக்கு இது பெரிய விஷயம். அதனால் டாக்டரிடம், "எத்தனை நாளில் முடியும், இதைவிடக் குறைவான நாளில் முடிகிற முறை அப்பாவுக்குச் சரிவருமா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேர்தான் கரண்ட், ஷாக் எல்லாம் அடிக்காது. எக்ஸ்ரே எடுப்பது மாதிரி, வைக்கும்போது வலியே இருக்காது. ஆனால் ஒன்றை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளகிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் அழுத்துவார்கள், சில நிமிடத்தில் முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். ஒவ்வொரு தடவையும் அதை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். மூச்சு விடலாம், ஆனால் தெரியாமல் போகிறவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். கையைத் தூக்கினால் உடனே ஆள் வருவார் என்று சொல்லி வையுங்கள். முடித்து வந்ததும் பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் உட்காரலாம், யாருக்கும் எதுவும் தொற்றாது.

ரத்தக் கசிவு பெரும்பாலும் சில நாளிலேயே அடங்கத் தொடங்கும். வலி குறைய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம், அதற்குள் வாய் கொஞ்சம் புண்ணாகவும் செய்யும். கஞ்சி, ஆறிய மீன் சாறு என்று காரமில்லாமல் கொடுங்கள், உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இங்கேதான் நான் கண்டிப்பாக ஒன்று சொல்வேன். அப்பா எழுந்து நடமாடுகிறார், தன் வேலையை ஓரளவு தானே செய்துகொள்கிறார் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். படுத்த படுக்கையாகி, கண் திறப்பதே அபூர்வம் என்ற நிலை என்றால் அலைய வேண்டாம், பலன் வருவதற்குள் புண் மட்டும்தான் மிஞ்சும்.

எப்படியானாலும் வலிக்குக் காத்திருக்கக் கூடாது. கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரையை இன்றே கேளுங்கள். அடிமையாகிவிடுவார் என்று பயந்து பாதி மாத்திரையாகக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், வலி வரும் வரை பார்த்திராமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும்.

நாற்றத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் தோள் துண்டைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டே பேசுவார், ஈ வந்து உட்காரும் என்று பேத்தியைக்கூடப் பக்கத்தில் விடமாட்டார். நாற்றத்துக்குக் காரணமான கிருமியை அடக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டச் சொன்னோம். அடுத்த வாரம் வந்தபோது துண்டு தோளில் கிடந்தது. உங்கள் டாக்டரிடமோ நர்சிடமோ அளவு கேட்டு நீங்களும் செய்யலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண நர்ஸ் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு ஆஸ்பத்திரியில் சான்று வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். கழுத்துப் புண்ணிலிருந்து சில சமயம் திடீரென்று ரத்தம் கொட்டலாம். அடர்நிறத்தில், சிவப்போ கருநீலமோ, இரண்டு மூன்று துண்டுகளைக் கட்டிலருகே மடித்து வையுங்கள். வெள்ளைத் துணியில் பார்த்தால் அப்பாவும் பயப்படுவார், அம்மாவும் பயப்படுவார். அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் கையை விடாமல் பக்கத்திலேயே இருங்கள், போனை இன்னொருவர் எடுக்கட்டும்.