ஆகாயத்தாமரையில் விரால் ஏன் தவறுகிறது

நண்பரே, தவளை லூரை (ரப்பர் தவளைப் பொய்யிரை) விரால் 10 முறை அடித்தால் 8 முறை தவறுகிறது, மாட்டியதும் ஆகாயத்தாமரைக்குள் புகுந்து அறுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வைத்திருக்கும் 20 பவுண்டு தங்கூசியும் (நைலான் நரம்பு) 6 அடி மீடியம் ராடும்தான் (நடுத்தர விறைப்புள்ள தூண்டில் கோல்) முதல் காரணம். தங்கூசி நீளும், நீங்கள் இழுக்கும் விசை முள்ளுக்குப் போய்ச் சேராது. 50 பவுண்டு பிரெய்டை (பின்னல் நூல்) லீடர் (இடையில் கட்டும் தனி நரம்பு) இல்லாமல் நேரடியாகத் தவளை லூரில் கட்டுங்கள். ராடு 7 அடி ஹெவி, அதாவது நல்ல விறைப்பானது. ரீலில் நூல் உருவி ஓடாமல் பிடிக்கும் டிராக்கை நன்றாக இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது அவசரம். தண்ணீர் தெறித்த சத்தத்துக்கே இழுத்தால் தவளை வாயிலிருந்து நழுவிவிடும். ராடு நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றியெடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். அப்புறம் நிறுத்தாமல் சுற்றுங்கள். தலை கீழே திரும்பியதென்றால் வேருக்குள் சுற்றிக்கொள்ளும்.

தவளையை விரலால் அமுக்கிப் பாருங்கள். இரண்டு முள்ளும் சட்டென்று வெளியே வரவில்லை என்றால் ரப்பர் கெட்டி. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். முள் முனைகளைக் குறடால் மிக லேசாக வெளிப்பக்கம் விரியுங்கள்; அதிகமானால் பாசிதான் மாட்டும். உள்ளே புகுந்த தண்ணீரையும் அவ்வப்போது பிதுக்கிவிடுங்கள்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொப்பளிக்கும் இடத்தில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். காவல் நிற்கும் விராலைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்.