வைஃபை ரிமோட்டுக்குப் பொருள் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

டிவி, ஏசி இரண்டையும் கைப்பேசியிலிருந்து இயக்கும் ரிமோட்டை நானே செய்ய விரும்புகிறேன். என்ன வாங்க வேண்டும்? – வாசகி, திருச்சி

வைஃபை வசதியுள்ள இஎஸ்பி8266 சில்லு பொருத்திய நோட்எம்சியு என்ற சிறிய மின்னணு போர்டு ஒன்று, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி ஒன்று, எல்இடிக்குப் போதிய மின்னோட்டம் தர 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று, இரண்டு ரெசிஸ்டர்கள், பழைய ரிமோட்டின் சிக்னலைப் படித்துக்கொள்ள 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்று. எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

எல்இடியைப் போர்டின் பின்னில் (கம்பி இணைக்கும் முனையில்) நேரடியாக இணைத்தேன். இரண்டடி தள்ளிப் போனால் டிவி கேட்பதில்லை. போலி எல்இடியை விற்றுவிட்டார்களா? – வாசகர், ஈரோடு

எல்இடியின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பின் தரக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 12 மில்லிஆம்பியர்தான். அறையைக் கடந்து சிக்னல் போக அதைப்போலப் பல மடங்கு வேண்டும் என்பதால்தான் டிரான்சிஸ்டர் தேவைப்படுகிறது. மிகச் சில ரூபாய் விலையுள்ள பொருளை விட்டுவிட்டு, விற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் இயங்குகிறது. இந்தப் போர்டு இணையுமா?

இணையாது, 2.4 கிகாஹெர்ட்ஸையும் இயக்குங்கள்.

மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில், கடை ஒன்றில் மூன்று போர்டுகள் வாங்கினேன். இரண்டு உயிர்பெறவே இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். – மாணவர், சென்னை

உங்கள் பணம் போய்விட்டதாக எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள், தம்பி. இந்த ஒற்றை வரியை அச்சிட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று கடைக்காரர்கள் நினைப்பதும், அதைப் படித்ததும் வாங்கியவர் தலைகுனிந்து திரும்பிவிடுவதும் எனக்குப் பல ஆண்டுகளாக ஆறாத வருத்தம். பழுதான பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள்ளும், கெடு குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அவ்வாறே. பழுதை வீடியோவாக எடுத்துக்கொண்டு, கடைக்கு எழுத்து வடிவில் தெரிவியுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்குப் பின்னும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கான புகாருக்குக் கட்டணமே இல்லை. தொகை சிறியது என்று கூச்சப்பட வேண்டாம்.

ஆயத்தமாகவே வைஃபை ரிமோட் கிடைக்கும்போது, எதற்கு நாமே செய்ய வேண்டும்? – வாசகர், கோவை

நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் கட்டளை அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் அமைப்பு என்பதை விசாரிக்கத் தவறினேன். சர்வரை அவர்கள் நிறுத்திய நாளிலிருந்து நல்ல நிலையிலுள்ள அந்தக் கருவி எதற்கும் உதவாமல் கிடக்கிறது. நாமே செய்வதை இணையமே இல்லாமல் வீட்டு வைஃபைக்குள் இயங்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆயத்தமாகத்தான் வாங்குவீர்கள் என்றால், இணைய இணைப்பைத் துண்டித்தபின் அது இயங்குவதைக் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.