900 அடிக்கும் புகைதான் வருகிறதா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் 900 அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை, கல்தூள் புகைதான் வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் 180 அடியிலேயே தண்ணீர். நிலத்தட்டு நகர்ந்ததில் பாறை பிளந்து ஊற்று அங்கே போய்விட்டது என்கிறார்கள். எங்கள் பழைய கிணற்றுப் பாறையிலும் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் வளைந்து கிடக்கின்றன. இன்னும் 300 அடி இறக்கலாமா?

பதில்: இறக்காதீர்கள். 

நிலத்தட்டு நகர்வது உண்மை. ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. ஆனால் உங்கள் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் ஒரே தட்டின் மேல் சேர்ந்தேதான் போகின்றன. வரப்புக்கு இந்தப் பக்கத்து ஊற்றைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைக்கிற வேலை அதற்கில்லை.

நீங்கள் பார்த்த வளைவு, பிளவே அல்ல, மடிப்பு. பாறை வளைவதும் உடைவதும் சூட்டையும் அழுத்தத்தையும் தள்ளுகிற வேகத்தையும் பொறுத்தது. வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) சுமார் 300 டிகிரி செல்சியஸிலேயே இளகி வளையத் தொடங்கிவிடும். பாறையில் கூட இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற தாதுவுக்கு 450 டிகிரியாவது வேண்டும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை உள்ள நம் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பல கிலோமீட்டர் ஆழத்தில் நெருக்குண்டு, உருகாமலேயே பாகு போல் இழுபட்டவை. மேலிருந்த மலையெல்லாம் கரைந்துபோனதால்தான் அந்த மடிப்பு இன்று உங்கள் கிணற்றில் தெரிகிறது. அதில் இடுக்கே இல்லை, தண்ணீரும் நிற்காது.

தண்ணீர் இருப்பது அதற்குப் பிறகு வந்த வெடிப்புகளில். பாறை மேலே வந்து ஆறிய பின் நெருக்கினால் வளையாது, உடையும். கிணற்றில் ஒரு வெடிப்பை வெள்ளை வெங்கச்சாங்கல் நரம்பு குறுக்கே கடக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். நரம்பு நேராகத் தொடர்ந்தால் அது வெறும் வெடிப்பு. இந்தப் பக்கம் ஒரு மட்டம், அந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி இன்னொரு மட்டம் என்றிருந்தால்தான் பிளவுப்பெயர்ச்சி. அங்கே பாறை முகம் உரசி வழவழப்பாகி, ஒரே திசையில் கீறல் விழுந்திருக்கும். நடுவில் அரைபட்ட களி இருந்தால் அது தண்ணீரை அடைத்துவிடும், போரிலும் சரிந்து, பாறையை உடைக்கும் ஹேமரைப் பிடித்துக்கொள்ளும். இரு ஓரத்து நொறுங்கல்தான் தண்ணீர் தரும். கோவைப் பக்கம் 1900 பிப்ரவரி 8 அன்று சுமார் 6 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்ததை வைத்துக்கொண்டு, கிணற்றில் தெரியும் ஒவ்வொரு வெடிப்பையும் நிலநடுக்கத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இனி உங்கள் 900 அடிக்கு வருவோம். நம் பாறையில் பல வெடிப்புகள் ஏறக்குறைய செங்குத்தானவை. செங்குத்து வெடிப்புக்கு இரண்டடி தள்ளிச் செங்குத்தாகத் துளை போட்டால், 900 அல்ல, 2,000 அடி போனாலும் இரண்டும் சந்திக்காது. வெடிப்பு செங்குத்திலிருந்து 10 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். சாயும் பக்கம் 20 அடி தள்ளிப் போட்ட போர் அதை ஏறக்குறைய 113 அடியில் தொடும். எதிர்ப்பக்கம் போட்டது தொடவே தொடாது. வரப்பின் இரு பக்கமும் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஆழம் போகப் போக வாய்ப்பும் குறைகிறது. 1,200 அடியில் மேற்பாறையின் பாரம் சதுர செ.மீ.க்குச் சுமார் 100 கிலோ. அதே ஆழத்துத் தண்ணீர் தாங்கிப் பிடிப்பது சுமார் 37 கிலோதான். படுக்கை வாக்கில் உள்ள இடுக்குகள் மூடிக்கொள்ளும்.

போர் போட்டபோது வந்த கல்தூளை அடிவாரியாக எடுத்து வைத்திருந்தால் பாருங்கள். துருநிறம் ஏறிய சில்லு என்றால் தண்ணீர் நடமாடிய வெடிப்பைத் துளை கடந்திருக்கிறது. பளிச்சென்று கூர்மையான சில்லாகவே கடைசிவரை வந்திருந்தால், முழுப்பாறை. அதற்கு மேல் டீசலுக்குக் காசு கொடுப்பது வீண்.

அந்தக் காசில் பழைய கிணற்றைத் தூர் வாரி, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று திசைகாட்டி வைத்துக் குறியுங்கள். அந்த ஓட்டத்துக்குக் குறுக்காகக் கிணற்றுச் சுவரில் சைடு போர் போடுங்கள். படுக்கைத் துளைதான் செங்குத்து வெடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும். ஓட்டத்தோடு இணையாகப் போட்டால் அதுவும் புகைதான்.