கினாகோவும் பொட்டுக்கடலை மாவும் ஒன்றல்ல

ஜப்பானுக்கு வந்து மூன்று வாரமே ஆன தம்பி, வீட்டு முன்பணம், ரயில் அட்டை, கினாகோ ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் உங்கள் அலுவலகத்தாரே சொல்லிவிடுவார்கள். “கினாகோ நம் பொட்டுக்கடலை மாவுதானே, முறுக்குக்குச் சேர்க்கலாமா?” என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அந்த நம்பிக்கையால் என் முதல் தீபாவளியைக் கெடுத்துக்கொண்டவன் நான்.

நிறமும் வறுத்த வாசமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் யாரும் ஏமாறுவார்கள். ஆனால் கினாகோ வறுத்த சோயாவை அரைத்த மாவு. நூறு கிராமில் ஏறத்தாழ 25 கிராம் கொழுப்பும் 36 கிராம் புரதமும் இருக்கின்றன. மாவுச்சத்து மிகக் குறைவு. பொட்டுக்கடலையில் இருப்பதைப் போலப் பல மடங்கு கொழுப்பு என்பதால், அரிசி மாவுடன் தாராளமாகக் கலந்து பிழிந்த என் முறுக்கு, வெண்ணெய் அதிகமானதைப் போல எண்ணெயிலேயே கரைந்து கருகியது. சட்னியில் போட்டால் சோயா வாசம் மட்டுமே தூக்கலாக நிற்கும். பதினைந்து ஆண்டுகளாக இங்கே இருந்தும் “இது நம்ம பொட்டுக்கடலை மாவுதான்” என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். அவர்கள் ஒருநாளும் அதைக் கொண்டு சமைத்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. பொட்டலத்தைப் பிரித்தபின் காற்றுப் புகாமல் மூடிவைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். கொழுப்பு மிகுந்த மாவு ஜூன் மாத மழைக்காலப் புழுக்கத்தில் எளிதில் சிக்கு வாடை அடித்துவிடும். உங்களைப் பார்க்கப் பெற்றோர் வந்தால், கினாகோ தூவிய மோச்சியை, அதாவது பிசுபிசுப்பான அரிசிப் பலகாரத்தை, சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு புத்தாண்டிலும் இங்கே முதியவர்களின் தொண்டையில் மோச்சி அடைத்துக்கொள்கிறது.

கினாகோவை அதன் போக்கிலேயே உண்ணப் பழகுங்கள். சம அளவு சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து வராபிமோச்சி என்ற வழுவழுப்பான இனிப்பின் மேல் தூவி, கருப்புச் சர்க்கரைப் பாகை ஊற்றிப் பாருங்கள்; வெல்லப்பாகு சுவைத்து வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பச்சை நிறச் சோயாவில் அரைத்த வெளிர்பச்சை மாவும் உண்டு. வசந்த காலத்தில் உகுயிசுமோச்சி என்ற இனிப்பின் மேல் அதைத் தூவுவார்கள்.

நான் முதலில் குடியேறியது ஷிசுவோக்காவில். அங்கே ஓடும் அபே ஆற்றின் பெயரால் அழைக்கப்படும் அபேகாவாமோச்சியை, அந்நாளில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயாசுவுக்குப் பரிமாறியவர், அதன் மேலிருந்த கினாகோவை ஆற்றுப் பொன்துகள் என்றாராம். அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கதை உண்டு. இக்கதையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. சுட்ட மோச்சியை வெந்நீரில் நனைத்துக் கினாகோவில் புரட்டித் தட்டில் வைத்துக்கொண்டே அவர் கதை சொல்ல, நான் வாய் நிறைய மாவுடன் சிரித்துவிட்டேன். மாவு மூச்சுக்குழலுக்குள் புகுந்து, கண்ணில் நீர் வழியும்வரை புரையேறியது. பாட்டி பதறாமல் என் முதுகைத் தட்டி, தேநீரை நகர்த்தி வைத்து, “முதலில் மூச்சை விட்டுவிட்டு அப்புறம் வாயில் போடு” என்றார். முறுக்குக் கதையை நான் சொன்னபோது சிரித்தது அவர். அவர் வாயில் அப்போது மோச்சி இல்லை.