முதலில் பணம், பிறகு படை

கேள்வி: 1914-ல் நடுநிலை என்று அறிவித்த அமெரிக்கா, 1917-ல் திடீரென்று முதல் உலகப் போரில் இறங்கியது ஏன்? லூசிடானியா கப்பலை ஜெர்மனி மூழ்கடித்ததுதானே காரணம்? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: 'திடீரென்று' என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிடானியா மூழ்கியது 1915 மே 7-ல். அதில் 128 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அமெரிக்கா போர் அறிவித்ததோ 1917 ஏப்ரல் 6-ல். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கிடக்கிறது. பாடப்புத்தகங்கள் அந்த இரண்டு வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன என்று இந்தப் பக்கத்தில் பலமுறை புலம்பியிருக்கிறேன். இன்னும் புலம்புவேன்.

1914 ஆகஸ்டில் அதிபர் வில்சன், செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் நடுநிலையாக இருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே மாதம் அவருடைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், போரிடும் நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கடன் தரக் கூடாது என்றார். மற்ற எதையும் பணத்தைக் கொண்டு வாங்கிவிடலாம், அதனால் போர்ச்சரக்குகளிலேயே மோசமானது பணம்தான் என்பது அவர் வாதம். பிரையன் பெயரை எடுத்தாலே, 'பரிணாமக் கொள்கையை எதிர்த்தவர் ஆயிற்றே' என்று சண்டைக்கு வரும் வாசகர்கள் நமக்கு உண்டு. பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஓர் ஆசிரியர் மேல் 1925-ல் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் அவர் நின்ற பக்கம் தப்புதான். அதற்காக 1914-ல் சொன்னது தப்பாகிவிடாது.

லூசிடானியா விஷயத்தில் ஜெர்மனிக்கு எழுதிய கடிதம் கடுமையாக இருக்கிறது என்று பிரையன் 1915 ஜூனில் பதவி விலகினார். அந்த வருடமே மார்கன் வங்கியின் ஏற்பாட்டில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன் போனது. ஜெர்மனியோடு இருந்த வியாபாரம் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையில் கிட்டத்தட்ட அற்றுப்போனது. அந்த முற்றுகைக்கு வாஷிங்டனிலிருந்து கண்டனக் கடிதம் போனது, அவ்வளவுதான். கப்பல்களை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் போனது எச்சரிக்கை. இதை நடுநிலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வங்கிகள்தான் அமெரிக்காவைப் போரில் தள்ளின என்று சொல்பவன் இல்லை நான். நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் மூழ்கடிப்போம் என்று 1917 பிப்ரவரியில் ஜெர்மனி துணிந்தது. மெக்சிகோவைக் கூட்டுச்சேர அழைத்து ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் அனுப்பிய தந்தியும் வெளியே வந்தது. இவை இல்லாமல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் போருக்கு ஆதரவாக ஓட்டு விழுந்திருக்காது. ஆனால் படை போவதற்கு வெகு முன்பே பணம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் யார் மேல் பாய்ந்தது தெரியுமா? நம்மவர்கள் மேல். இந்தியப் புரட்சிக்காக ஜெர்மன் பணத்தில் வாங்கிய துப்பாக்கிகள் 1915-ல் சான் டியேகோவில் ஆனி லார்சன் என்ற பாய்மரக் கப்பலில் ஏறின. நடுக்கடலில் அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டிய மேவரிக் கப்பலைச் சந்திக்க முடியாமல் போய், ஆனி லார்சன் வாஷிங்டன் மாநிலக் கரையில் பிடிபட்டது. 1917 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், அமெரிக்காவிலிருந்து இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் கட்சிக்காரர்கள் மீதும் ஜெர்மன் தூதரக அதிகாரிகள் மீதும் விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு, அமெரிக்காவின் நடுநிலையை மீறச் சதி செய்தது. அப்போது அமெரிக்காவே பிரிட்டன் பக்கம் நின்று போரிட்டுக்கொண்டிருந்தது!

பிரிட்டனுக்கு ஆயுதம் விற்றது சட்டப்படி வியாபாரம், கதர் கட்சியினர் செய்தது படையெடுப்புக்கு ஏற்பாடு என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். சட்டம் அப்படித்தான் இருந்தது, மறுக்கவில்லை. அடிமைப்பட்ட நாட்டுக்காரன் துப்பாக்கி வாங்கினால் சிறை, அவனை அடிமைப்படுத்தியவன் வாங்கினால் ரசீது என்பதை எந்த வழக்கறிஞர் விளக்கினாலும் நான் ஏற்கப் போவதில்லை.