பங்கு வாங்கினாலும் உடனே குடியேற முடியாது

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் நாலில் ஒரு பங்கைக் கிரயம் வாங்கியும் பங்காளிகள் உள்ளே விடவில்லை என்றால், இப்போதைக்கு நீங்கள் குடியேற முடியாது. பாகம் பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கும் வெளியாளுக்குக் கூட்டு அனுபவ உரிமை இல்லை (சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 44). பாகப்பிரிவினை கேட்கலாம்.

விற்றவர் வளவில் (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பகுதி) ஓர் அறையைக் காட்டி "இது என் பங்கு" என்று சொல்லியிருப்பார். புள்ளிக்கு (மணமான ஒரு தம்பதிக்கு) ஓர் அறை என்பது பெரும்பாலும் குடும்பத்துக்குள் புழங்க வசதியாகச் செய்துகொண்டது, அவ்வளவுதான்.

வில்லங்கச் சான்று போட்டு, பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா பாருங்கள். அதில் அவர் பாகம் எல்லையோடு இருந்தால் கதையே வேறு.

இல்லாவிட்டால் வழக்குத்தான். ஆனால் அவசரப்படாதீர்கள். 1893 பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 4-இன்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கைப் பங்காளிகளே வாங்கிக்கொள்ளலாம். ஆசைப்பட்ட வீடே கைவிட்டுப் போகும். அதனால் முதலில் பேசிப் பாருங்கள்.