முடிவை யாருக்காக மாற்றுவது?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவின் சம்பளம் முழுவதும் புருசன் கைக்கே போவதை வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். கடைசியில் அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். திருவிழாவில் போட வேண்டுமென்றால் அவள் புருசனோடு சேர்வதாக முடிக்க வேண்டும், பெண் வேடத்தைப் பையன்களே கட்ட வேண்டும் என்கிறது கோயில் கமிட்டி. "இப்படியெல்லாம் எழுதினா ஒன்ன யாரு கட்டுவா" என்று அம்மா அழுகிறார். பெண்ணிய நாடகம் எழுதுவதையே தொழிலாக்கி வாழ முடியுமா?

பதில்: தங்கச்சி, கமிட்டிக்காக முடிவை மாற்ற வேண்டாம். ஆனால் அந்த முடிவில் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வெளியேறும் உங்கள் நாயகி எங்கே போகிறாள்? லயத்துக் காம்பரா என்ற வரிசைவீட்டு அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் தங்க இடமில்லை. விடாவிட்டால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அதே புருசனைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க மலையில் நின்றும் நிறை குறைந்ததென்று அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) வாங்கிய ஒரு பெண் நாடகத்தைப் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்பாள். அவளுக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி எழுதுங்கள்.

திருவிழா மேடை கிடைக்காவிட்டால் போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) வாசலில் பெண்களைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். கடைசிக் காட்சிக்கு முன்னால் நிறுத்தி, "இனி இவள் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். சொல்ல வருபவரை எழுந்து நடித்தே காட்டச் சொல்லுங்கள். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் வகுத்த முறை இது, காசு செலவில்லை.

மேடைக்காகக் காத்திருக்காத பெண் நம் மலையகத்திலேயே இருந்திருக்கிறார். தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரத்தைத் தானே பாட்டாகக் கட்டி, தொழிற்சங்கக் கூட்டங்களில் தானே பாடினார். கேட்டவர் உடனே சேர்ந்து பாடும்படி பழகிய மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, தொழில் விஷயம். தமிழில் நாடகம் எழுதி மட்டும் வாழ்பவர்கள் மிகக் குறைவு, ஆகவே ஆசிரியை வேலையை விடாதீர்கள். நாடக நெறியாளர் அ. மங்கை சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டேதான் நாடகம் செய்தார். 'ஆற்றைக் கடத்தல்' நாடகத்தை எழுதிய எழுத்தாளர் அம்பை ஆய்வாளராக உழைத்தவர். பெண்களின் வரலாற்றைச் சேர்த்துவைக்க 1988இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2021இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர்களுடைய நகரம் வேறு, வசதி வேறு என்பது உண்மை. ஆனால் உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: பள்ளி உயர்தரத்தில் (ஏ/எல்) 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் அரங்கக் கலையைப் படிக்கலாம். அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியை ஆகிவிட்டால் சம்பளமும் நாடகமும் ஒரே இடத்தில் இருக்கும். எழுத்துப் பிரதியைத் திருத்தி முடித்ததும் அரச தமிழ் நாடக விழாவுக்கும் முயன்று பாருங்கள்.

பையன்களே பெண் வேடம் கட்ட வேண்டும் என்பதற்கு வருகிறேன். மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில், அவன் மனைவி ரதியாக ஆண்களே ஆடிவந்திருக்கிறார்கள். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அந்தப் புலம்பலை ஒரு பெண்ணே எழுதி, பெண்ணே ஆடினால் ரதி சிவனிடம் என்ன கேட்பாள்? உங்கள் அடுத்த நாடகம் இதில் இருக்கலாம். கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை நெறிப்படுத்திய 'ஔவை' இப்படித்தான் நாம் பழகிப்போன கிழவியை ஒதுக்கிவிட்டு, சங்ககாலத்து இளம்பெண்ணை மேடையேற்றியது.

அப்புறம் அம்மா. அவருடைய பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஊர் வாயை அவர் உங்களைவிட அதிகம் பார்த்தவர். எழுதுவதை நிறுத்தச் சொல்லும் சம்பந்தம் வந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை அவரிடம் சண்டையில்லாமல் இப்போதே சொல்லிவையுங்கள். முதல் வாசிப்புக்கு அவரையும் கூப்பிடுங்கள். அவர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவரா என்று நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் காட்சியின் வசனத்தை முதலில் அவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.